முட்டை விலை 5 காசு உயர்வு: ஒரு சங்கம் பேசிய விதம்

நாமக்கல், சேலம் பக்கத்துப் பேப்பர்களில் ஒரு செய்தி கிட்டத்தட்ட தினமும் வரும். "நாமக்கல் மண்டலத்தில் முட்டை கொள்முதல் விலை 5 காசு உயர்ந்து 480 காசாக நிர்ணயம்." எண் மாறும், வாக்கியம் மாறாது. 25 காசு நாணயமே 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது. முட்டைக்காரர்கள் மட்டும் இன்னும் காசில்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு முட்டைக்கு 5 காசு என்பது நமக்கு ஒன்றுமே இல்லை. நாளுக்கு ஒரு லட்சம் முட்டை எடுக்கிற பண்ணைக்கு அது 5,000 ரூபாய்.

விவசாயம் சார்ந்த சங்கங்களுக்குத் தகவல் தொடர்பும் சந்தைப்படுத்தலும் எப்படித் திட்டமிடுவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்த ஒற்றை வரிச் செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக் காட்டுவேன். கேட்பவர்களுக்குச் சப்பென்று போய்விடும். விளம்பரப் படம், நடிகர், பாட்டு என்று எதையோ எதிர்பார்த்து வந்திருப்பார்கள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்இசிசி என்றால் நாடே நினைவில் வைத்திருப்பது "சண்டே ஹோ யா மண்டே, ரோஸ் காவோ அண்டே" (ஞாயிறானாலும் திங்களானாலும் தினமும் முட்டை சாப்பிடுங்கள்) என்ற பாட்டைத்தான். அந்தப் பாட்டு நல்ல பாட்டு, சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சங்கத்தை நிற்க வைத்தது தினசரி விலைச் செய்தி என்பது என் கணிப்பு. ஏன் என்று பார்க்கலாம்.

பண்ணைக்காரருக்கு விலை தெரியாத காலம்

முட்டைக் கோழிக்கு நிறுத்து என்றால் புரியாது. குஞ்சு வாங்கிவிட்ட 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல், சந்தையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிட்டத்தட்ட தினம் ஒன்று. கூண்டின் சாய்ந்த கம்பித் தரையில் முட்டை முன்பக்கம் உருண்டு வந்து நிற்கும். பொறுக்கி, 30 முட்டைக்கு ஓர் அட்டையாக அடுக்கி, ஏழு அட்டையை ஒரு பெட்டியில் வைத்தால் 210. லாரி வந்தால் பணம். வராவிட்டால் நாளைக்கு இன்னொரு அடுக்கு, மறுநாள் இன்னொன்று. தீவனச் செலவு மட்டும் ஒரு நாளும் நிற்காது. செலவில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாவும்தான்.

இப்படி ஒரு சரக்கை வைத்திருப்பவரிடம் பேரம் பேசுவது வியாபாரிக்குச் சுலபம். 80களின் தொடக்கம் வரை விலையைச் சொல்பவர் வியாபாரிதான். "மெட்ராஸ்ல சரக்கு தேங்கிக் கிடக்குது" என்று அவர் சொன்னால், உண்மையில் தேங்கிக் கிடக்கிறதா என்று பார்க்கப் பண்ணைக்காரருக்கு வழியில்லை. டிரங்க் கால் போட்டுக் கேட்கக்கூட அங்கே ஆள் வேண்டுமே. அசலுக்கும் கீழே விற்று, கூண்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர்.

இதை மாற்றக் கிளம்பியவர் டாக்டர் பி.வி. ராவ். 1971இல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸை ஆரம்பித்தவர், குஞ்சு பொரித்து விற்கும் தொழிலில் இருந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பண்ணையாளர் கூட்டம் போட்டார். 1982இல் என்இசிசி பிறந்தது. அதன் முதல் முழக்கத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் மூன்றே துண்டு: என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை. முட்டை சாப்பிடுகிறவருக்கு இதில் ஒரு சொல் கூட இல்லை. முழுக்க முழுக்க முட்டை விற்கிறவரைப் பார்த்துச் சொன்னது.

சங்கங்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. ஈரோட்டுப் பக்கம் ஒரு விவசாயச் சங்கத்துக்குச் சில வருடங்களுக்கு முன் பிரசாரத் திட்டம் எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். இருந்த பணத்தில் பாதியை விளம்பரப் பலகைக்கும் கண்காட்சிக் கடைக்கும் ஒதுக்கியிருந்தேன். கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "அதெல்லாஞ் சரிங்க. நான் சந்தாக் கட்டறனுங்களே, சங்கம் எனக்கு என்ன சொல்லுதுங்க?" என்றார். உறுப்பினருக்கு என்று அந்தத் திட்டத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. ஆண்டுக்கு ஒரு பொதுக்குழு அழைப்பிதழ், அவ்வளவுதான். அந்தச் சங்கம் அடுத்த வருடமே சந்தா வசூலாகாமல் படுத்துவிட்டது. அதில் என் பங்கும் உண்டு.

விலையே செய்தி

என்இசிசி செய்தது என்ன? நாட்டை மண்டலங்களாகப் பிரித்தது. ஒவ்வொரு மண்டலத்திலும் உள்ளூர்ப் பண்ணையாளர்களே கூடி, இருப்பு எவ்வளவு, விற்பனை எப்படி, பக்கத்து மண்டலத்தில் என்ன விலை என்று பார்த்து ஒரு விலை சொல்வார்கள். பேப்பர்க்காரர்கள் நிர்ணயம் என்று எழுதினாலும், சட்டப்படி அது பரிந்துரைதான். யாரும் அந்த விலைக்கே விற்றாக வேண்டும் என்றில்லை. போலீஸ் வராது, அபராதம் கிடையாது.

அப்படியென்றால் அதற்கு என்ன பலம்? எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் பலம். பரமத்தி வேலூரில் பத்தாயிரம் கோழி வைத்திருப்பவருக்கும், கோயம்பேட்டு மொத்த வியாபாரிக்கும், கேரளத்துக்கு லோடு ஏற்றும் லாரிக்காரருக்கும் ஒரே நாளில் ஒரே எண் தெரிகிறது. "மெட்ராஸ்ல ரேட் இல்லீங்க" என்று சும்மா அடித்துவிட முடியாது. பேரம் அந்த எண்ணிலிருந்து ஆரம்பிக்கும். விளம்பரத் துறையில் இருப்பவர்கள் இதைத் தகவல் தொடர்பு என்றே கணக்கில் எடுப்பதில்லை. ஒரே செய்தி, ஒரே வடிவம், 40 வருடங்களுக்கு மேலாக, பேப்பர்கள் காசு வாங்காமல் போடுகின்றன. இதைவிடப் பெரிய பிரசாரம் எந்தச் சங்கத்துக்கு வாய்த்திருக்கிறது?

ஓட்டையும் உண்டு. சேலத்தில் நான் முட்டை வாங்கும் மொத்தக் கடையில் ஒரு கரும்பலகை தொங்கும், சாக்பீஸில் அன்றைய விலை. ஒரு நாள் பேப்பர் விலைக்கும் அதற்கும் ஒத்துப்போகாததைப் பார்த்துக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"அது பேப்பர் ரேட்டுங்க. நாங்க எடுக்கறது மைனஸ் போக."

"மைனஸ் எவ்வளவுங்கண்ணா?"

சிரித்தார். "அதை எந்தப் பேப்பர்லங்க போடுவாங்க?"

மைனஸ் என்றால் அறிவித்த விலையிலிருந்து வியாபாரி கழித்துக்கொள்கிற தொகை. சரக்குத் தேங்கும் நாளில் மைனஸ் கூடும், இழுப்பு இருக்கும் நாளில் குறையும். ஆக, அறிவித்த விலை சந்தைக்கு மேலே மிதக்க ஆரம்பித்தால், உண்மையான விலை மைனஸ் என்ற பெயரில் மறுபடியும் இருட்டுக்குள் போய்விடுகிறது. 1982க்கு முன்பு இருந்த அதே இருட்டு, கொஞ்சம் சின்ன அளவில். மைனஸே வேண்டாம் என்று சங்கம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறது. சரக்குத் தேங்கினால் திரும்ப வந்துவிடும். சொன்ன விலையும் கைக்கு வரும் விலையும் விலகிப்போகிற ஒவ்வொரு வாரமும் அந்தத் தினசரிச் செய்தியின் நம்பகம் கொஞ்சம் தேய்கிறது. தகவல் தொடர்புத் திட்டம் எழுதுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய ஓட்டை இதுதான், விளம்பரத்தின் இசை சரியாக இருக்கிறதா என்பது அதற்குப் பிறகு.

திங்கட்கிழமையைக் கேட்ட பாட்டு

சரி, பாட்டுக்கு வருவோம். தூர்தர்ஷன் காலத்து ஆட்களுக்கு இந்தி தெரியாவிட்டாலும் இது தெரியும். சண்டே, மண்டே, அண்டே. மூன்று சொல்லும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு விழுகிற எதுகை. ஆனால் அதன் கெட்டிக்காரத்தனம் எதுகையில் மட்டும் இல்லை.

முட்டையைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தன. புரதம் இருக்கிறது, விலை குறைவு, அஞ்சு நிமிடத்தில் ஆகிவிடும், குழந்தை வளரும். பாட்டு அதில் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. கிழமையைப் பிடித்தது. இந்தியாவில் முட்டை விற்பதற்கு முட்டுக்கட்டை ருசி கிடையாது, கிழமைதான் என்று யாரோ சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் வீடுகளையே பாருங்கள். ஞாயிறு கறி நாள். திங்கள் சிலருக்கு சிவனுக்கு, செவ்வாய், வெள்ளி பெரும்பாலான வீடுகளில் கவுச்சி கிடையாது, சனி பெருமாளுக்கு. மிஞ்சுவது புதனும் வியாழனும். ஞாயிறன்று கோழியும் ஆடும் இருக்கும்போது முட்டையை யார் தேடுவார்கள்? "ஞாயிறானாலும் திங்களானாலும்" என்று பாட்டு இழுப்பது இந்தப் பழக்கத்தைத்தான். வாரத்தில் ஒரு நாள் கூடினாலும் போதும், நாடு முழுக்கக் கோடிக்கணக்கான முட்டை.

இன்னொன்று, பாட்டில் எந்தப் பண்ணையின் பெயரும் இல்லை, இருக்கவும் முடியாது. முட்டைக்கு முகம் கிடையாது. ஒரு பண்ணை காசு போட்டு விளம்பரம் செய்தால் பக்கத்துப் பண்ணைக்கும் சேர்த்துத்தான் விற்கும். அதனாலேயே தனியாக எந்தப் பண்ணையும் செய்யாது. சங்கம் என்று ஒன்று தேவைப்படுவது இந்த இடத்தில்தான். கூடவே ஒரு வம்பும் வருகிறது: சங்கத்துக்குப் பணம் கட்டாதவரும் பாட்டின் பலனை அனுபவிப்பார். விலைச் செய்தியும் அப்படித்தான், கட்டாதவரும் பேப்பரில் படித்துக்கொள்வார். தன்னார்வச் சங்கங்கள் அத்தனையும் இந்தக் கல்லில் தடுக்கி விழுந்து எழுந்தவைதான்.

சங்கம் சறுக்கிய பக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பண்ணைக் கூண்டில் சேவல் கிடையாது, அதனால் முட்டையில் கரு உருவாகாது. இது அறிவியல்படி சரி. இதை வைத்து முட்டை சைவம் என்று நிறுவப் பார்க்கும் பேச்சு முட்டைத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. இது யாரிடமும் எடுபடவில்லை. சாப்பிடுகிறவருக்கு அந்த விளக்கம் தேவையில்லை, சாப்பிடாதவர் விளக்கத்தால் மனம் மாறுகிற ஆள் இல்லை. உணவுப் பொட்டலங்களுக்கான விதிகளும் முட்டையை அசைவக் கணக்கில்தான் வைக்கின்றன. சாப்பிடாத வீட்டின் கதவைத் தட்டுவதைவிட, சாப்பிடுகிற வீட்டில் இன்னொரு நாள் கேட்பது எவ்வளவோ மலிவு. பாட்டு எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது.

புரட்டாசி வெள்ளியில் முட்டை தினம்

உலக முட்டை தினம் 1996இல் வியன்னாவில் முடிவானது. அக்டோபர் மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை. அதாவது 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவில் வரும் வெள்ளி. தமிழ்க் காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரட்டாசி செப்டம்பர் 17 வாக்கில் பிறந்து அக்டோபர் 17 வாக்கில் முடிகிறது. ஆக, உலக முட்டை தினம் தமிழ்நாட்டில் எந்த வருடமும் புரட்டாசியில்தான் வரும். அதிலும் வெள்ளிக்கிழமை. மறுநாள் புரட்டாசிச் சனி.

குன்றைக் குடைந்த நரசிம்மர் கோயிலும் எதிரே 18 அடி ஆஞ்சநேயருமாக இருக்கிற நாமக்கல்லில், அந்த வாரத்தில் அவித்த முட்டை கொடுத்து விழா எடுப்பதை நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வியன்னாவில் உட்கார்ந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குப் புரட்டாசி எப்படித் தெரியும்? ஆனால் தமிழ்நாட்டுக்கான திட்டம் எழுதுகிறவர் அந்தத் தேதியை அப்படியே எடுத்து வைத்தால், வருடத்தில் கேட்க ஆளில்லாத மாதத்தில் பெரிய செலவைக் கொட்டுகிறார் என்று அர்த்தம். பள்ளிகளில் விழிப்புணர்வு, மருத்துவர்களோடு கூட்டம் என்று வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம். விற்பனையைத் தூக்குகிற பிரசாரம் ஐப்பசி பிறந்ததும்தான். ஒரு மாதம் வாயைக் கட்டியிருந்த வீடுகள் அப்போது தாமாகவே கடைக்கு வரும், கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும்.

முட்டைக்காரர்கள் மனதில் ஓடுவது வேறு காலண்டர். புரட்டாசியில் விலை படுக்கும். கார்த்திகை, மார்கழியில் இங்கேயும் கேரளத்திலும் ஐயப்பன் மாலை, ஆனால் வடக்கே குளிர் ஏற ஏற முட்டை இழுக்கும், கிறிஸ்துமஸ் கேக்கும் சேர்ந்துகொள்ளும். மே மாதம் பள்ளி விடுமுறை, சத்துணவு முட்டை நிற்கும், "வெயிலில் முட்டை சூடு" என்ற பேச்சு வேறு. இந்தக் காலண்டரை விளம்பர நிறுவனத்தின் மேஜைக்குக் கொண்டுபோகிற ஆள்தான் சங்கத்துக்கு வேண்டும்.

வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா

2006 பிப்ரவரி 18. மகாராஷ்டிராவின் நந்தூர்பார் மாவட்டம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் என்று அறிவிப்பு வந்தது. இந்தியாவில் முதல் முறை. நாமக்கல்லுக்கும் நவாப்பூருக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இங்கே ஒரு கோழிக்கும் நோய் இல்லை. விலை மட்டும் சரிந்து விழுந்தது.

கோழித் தொழில் தரப்பிலிருந்து முதலில் வந்த பதில்களில் ஒன்று, அது ராணிக்கெட் நோய்தான் என்பது. நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். மனிதருக்கு அப்படிப் பரவாத, கோழிக்காரர்களுக்குப் பழகிய நோய். அவர்கள் அப்படி நம்பியே சொல்லியிருக்கலாம். ஆனால் அரசு ஆய்வகம் ஒன்று சொல்ல, தொழில்காரர்கள் வேறொன்று சொல்ல, மக்கள் எதைக் கேட்பார்கள்? சந்தேகம் இருக்கும்வரை வாங்காமல் இருப்பார்கள், அவ்வளவுதான். "70 டிகிரிக்கு மேல் நன்றாக வேகவைத்தால் வைரஸ் இருக்காது" என்ற செய்தி உண்மையானது, எளிதானது, நம் சமையலுக்கு அப்படியே பொருந்துவது. நாம் கோழியைக் குழம்பில் கொதிக்க விடுகிற ஆட்கள். மறுப்பில் போன நாட்களை இதற்குக் கொடுத்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

2017இல் கொல்கத்தாவில் பிளாஸ்டிக் முட்டை என்று ஒரு புரளி கிளம்பியது. அது வேறு ரகம். உணவுப் பாதுகாப்பு ஆணையமே அப்படியொன்று இல்லை என்று சொன்னது. இங்கே ஆணையம் பேசியது நல்லதாகப் போயிற்று. விற்கிறவர் தன் சரக்கு நல்லது என்று சொன்னால் யார் நம்புவார்?

2020 வந்தது. கோழியால் கொரோனா என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பிப்ரவரி கடைசியில் ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. எனக்கு இந்த வகை மேடைகளில் பெரிய நம்பிக்கை இல்லை. அமைச்சர் தட்டைப் பார்க்கும்போதே "ஓஹோ, ஏதோ இருக்கிறது, அதனால்தான் சாப்பிட்டுக் காட்டுகிறார்கள்" என்று மனசு கணக்குப் போடும். மார்ச்சில் முட்டை விலை பாதாளத்துக்குப் போனது. மீட்டது மேடை இல்லை. ஊரடங்கில் வீட்டில் அடைந்த சனம், எதிர்ப்பு சக்திக்கு முட்டை சாப்பிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லக் கேட்டுத் திரும்ப வாங்க ஆரம்பித்ததுதான்.

பாட்டு எட்டாத இடம்

எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1இல் தொடங்கியது. என்இசிசி பிறந்த அதே வருடம். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை தட்டில் வந்தது. 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது. சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். திங்கள், செவ்வாய், வெள்ளி என்ற கணக்கெல்லாம் பார்க்காமல், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தினமும் முட்டை உரித்துச் சாப்பிட்டுப் பழகினார்கள். பாட்டு கேட்ட திங்கட்கிழமையைக் கொடுத்தது சத்துணவுக் கூடம். அரசு முத்திரை குத்திய அந்த முட்டை, நாமக்கல் பண்ணைகளுக்கு நிலையான ஒரு கிராக்கியும்கூட. மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடியில் முட்டை வேண்டாம் என்று முதலமைச்சரே முடிவெடுத்தார். அதே முட்டை, அதே பாட்டு, இந்தி பேசும் மாநிலம் வேறு. அரசுக் கதவு சாத்தியிருந்தால் பாட்டு வாசலோடு நின்றுவிடும்.

எண்களைப் பார்த்தால் பிரமிப்புத்தான். 1980-81இல் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 1,000 கோடி முட்டை, தலைக்கு ஆண்டுக்கு 15 போல. 2023-24இல் 14,277 கோடி, தலைக்கு 103. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் 180க்கு இன்னும் தூரம். இதில் பாட்டின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல வழியில்லை. நல்ல ரகக் கோழி வந்தது, தீவனம் தேறியது, விலை குறைந்த புரதங்களில் ஒன்றாக முட்டை இருந்தது. எல்லாம் சேர்ந்த எண் இது. எங்கள் விளம்பரத்தால்தான் என்று யாராவது ஒரு படத்தில் கோடு போட்டுக் காட்டினால் நான் எழுந்து போய்விடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முட்டை அதிகம் விற்றால் எல்லோருக்கும் ஒரே அளவு லாபமா? குஞ்சு விற்பவருக்கும் தீவனம் விற்பவருக்கும் கோழி எண்ணிக்கை கூடக் கூட நல்லது. பண்ணையாளருக்கு, கோழி கிராக்கியைவிட வேகமாகக் கூடினால், கெட்டது. நல்ல விலை வந்த மறுமாதமே ஆளாளுக்குப் புதுக் கொட்டகை போடுவார்கள். ஐந்தாறு மாதம் கழித்து அந்த முட்டையெல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து நிற்கும். தினம் முட்டை சாப்பிடு என்று ஊருக்குச் சொல்லத் தெரிந்த சங்கத்துக்கு, இந்த மாதம் குஞ்சு எடுக்காதே என்று உறுப்பினருக்குச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தச் செய்திக்கு இன்னும் பாட்டு வரவில்லை.

போன புரட்டாசியில் சேலம் கடைக்குப் போனபோது பலகையில் எண்ணை அழித்திருந்தார்கள். "ரேட் எழுதலீங்களா?" என்றேன். கடைக்காரர் செல்போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவைக் காட்டினார். நாளைய விலை இன்னும் வரவில்லை. "வந்ததும் எழுதிக்கலாங்க," என்று சொல்லிவிட்டு, அட்டைகளை ஓரமாக நகர்த்தி அடுக்க ஆரம்பித்தார்.